ஆயாக் கொட்டகையைச் சீராக்குவோம்

தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு ஆயாக் கொட்டகையைப் பற்றி விளக்கத் தேவையில்லை. விடியுமுன் பெரட்டுக்குப் போக வேண்டும். அதற்கும் முன்னதாக, உறங்கும் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு போய் ஆயாவிடம் ஒப்படைக்க வேண்டும். மரம் வெட்டி, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டுத் தாய் திரும்பும் வரை அந்தப் பிள்ளை ஆயாவின் பொறுப்பு. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் பல தலைமுறைகள் இப்படித்தான் வளர்ந்தன.

ஆயா என்பவர் யார்? பெரும்பாலும், வயதாகி மரம் வெட்ட முடியாமல் போன ஒரு பெண்மணி. அவரிடம் அன்பு இருந்தது; பயிற்சி இல்லை, துணைக்கு ஆளும் இல்லை. ஒரு பிள்ளைக்குப் பால் கரைக்கும் நேரத்தில் இன்னொரு பிள்ளை வாசற்படியில் உருண்டு விழும். அந்தப் பயத்தால் கொட்டகையை நம்பாத பெற்றோர், மூத்த மகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் நிறுத்தினார்கள். தம்பியின் தொட்டிலை ஆட்டிய அந்தச் சிறுமியின் படிப்பு அதோடு முடிந்தது. ஆக, கொட்டகை சரியில்லை என்றால் கெடுவது ஒரு பிள்ளையின் வாழ்வு மட்டுமல்ல.

நல்ல குழந்தைக் காப்பகம் என்றால் என்ன? புதுச் சாயமும் பளபளக்கும் தரையும் மட்டும் போதுமா? போதா. சுத்தமான குடிநீர், கழிப்பிடம், வேலி, சத்துணவு ஆகியவை வேண்டும். இவற்றோடு, பிள்ளையிடம் பேசவும் பாடவும் கதை சொல்லவும் நேரமுள்ள ஒருவர் வேண்டும். முதல் சில ஆண்டுகளில்தான் மூளை மிக வேகமாக வளர்கிறது. நாள் முழுதும் ஏணையில் கிடக்கும் பிள்ளைக்கு வயிறு நிறைந்தாலும் அந்த வளர்ச்சிக்கு வேண்டியது கிடைப்பதில்லை.

ஓர் ஆயா எத்தனை பிள்ளைகளைப் பார்க்கலாம்? மலேசியாவில் 1984ஆம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டத்தை ஒட்டி, ‘தஸ்கா’ எனப்படும் காப்பகங்களுக்கு ஓர் அளவு வகுக்கப்பட்டிருக்கிறது. ஒரு வயதுக்குட்பட்டவர் என்றால் மூவருக்கு ஒரு பராமரிப்பாளர். ஒன்று முதல் மூன்று வயது வரை என்றால் ஐவருக்கு ஒருவர். மூன்று முதல் நான்கு வயது வரை என்றால் பத்துப் பேருக்கு ஒருவர்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கொட்டகையில் 3 கைக்குழந்தைகள், ஒன்று முதல் மூன்று வயதுக்குட்பட்ட 5 பிள்ளைகள், அதற்கு மூத்த 10 பிள்ளைகள், ஆக 18 பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அங்கே 3 பராமரிப்பாளர்கள் வேண்டும். ஒரே ஓர் ஆயா இருந்தால், மூவர் செய்ய வேண்டிய வேலையை அவர் ஒருவர் செய்கிறார் என்று பொருள். குறை அவரிடமா, ஏற்பாட்டிலா?

எனவே, “ஆயாவை மாற்றுங்கள்” என்று கேட்காதீர்கள். “ஆயாவுக்குத் துணை கொடுங்கள், பயிற்சி கொடுங்கள், நியாயமான சம்பளம் கொடுங்கள்” என்று கேளுங்கள். ஆயாவையும் உங்கள் கூட்டத்தில் உட்கார வையுங்கள். கொட்டகையின் குறைகளை அவரைவிட நன்கு அறிந்தவர் யார்?

கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் எண்ணுங்கள். பிள்ளைகள் எத்தனை பேர், என்ன வயது, ஆயாக்கள் எத்தனை பேர், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். அடுத்து, தாய்மார்களும் தந்தைமார்களும் கூடிப் பேசி, முக்கியமான இரண்டு மூன்று கோரிக்கைகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். அவற்றைக் கடிதமாக எழுதித் தேதியிட்டு, எல்லாரும் கையெழுத்திட்டு, நிர்வாகத்திடம் கொடுங்கள். ஒரு பிரதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். தொழிற்சங்கக் கிளைத் தலைவருக்கும் ஒரு பிரதி போகட்டும். பதில் வராவிட்டால் தொழிலாளர் இலாகாவை அணுகலாம். தொழிலாளர் வீட்டு வசதி பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டத்தில் குழந்தைக் காப்பகத்துக்கும் இடம் இருக்கிறது.

“துரை கோபித்துக்கொள்வாரே” என்று சிலர் தயங்கலாம். தனியாகப் போனால் அந்தத் தயக்கம் நியாயமே. அதனால்தான் இருபது பேர் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்கிறோம். அழுத பிள்ளைக்குத்தான் பால் கிடைக்கும் என்பது பழமொழி. பேசத் தெரியாத பிள்ளைகளுக்காகப் பெற்றோர்தாமே வாய் திறக்க வேண்டும்?

ரப்பர் மரங்கள் சாய்ந்து, செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் வந்தபின், நம்மவர் பலர் தாமான்களுக்கும் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்துவிட்டார்கள். அங்கே கொட்டகை இல்லை. பக்கத்து வீட்டு அக்காள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த, நான்கு வயதுக்குட்பட்ட நான்கு பிள்ளைகளோ அதற்கு மேலோ ஓரிடத்தில் கட்டணத்துக்குப் பராமரிக்கப்பட்டால், அந்த இடத்தைச் சமூகநல இலாகாவில் பதிய வேண்டும். பத்துக்குக் குறைவான பிள்ளைகள் என்றால், வீட்டிலேயே நடத்தும் காப்பகமாகப் பதியலாம். அந்த அக்காள்மீது புகார் செய்வதைவிட, பதிவுக்கும் பயிற்சிக்கும் குடியிருப்பாளர்கள் துணை நிற்பதே முறை.

கொட்டகை சீரானபின் வேலை முடிந்துவிட்டது என்று கலைந்துவிடாதீர்கள். மாதம் ஒரு முறை பெற்றோர் இருவர் முறைவைத்துப் போய்ப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டியைத் திறந்து பாருங்கள். ஆயா சாப்பிட்டாரா என்றும் கேளுங்கள். மூத்த மகள் புத்தகப் பையோடு பள்ளிக்குப் போகிறாள் என்றால், உங்கள் கொட்டகை நன்றாக நடக்கிறது என்று அறிந்துகொள்ளலாம்.