மாதிரி நீராவிப் பொறியில் வால்வும் இணைப்புத்தண்டும்

மாதிரி நீராவிப் பொறி என்பது, பெரிய நீராவிப் பொறியின் இயக்கத்தைச் சிறிய அளவில் செய்து காட்டும், உண்மையாகவே நீராவியால் இயங்கும் கருவியாகும். இதில் வால்வு (தடுக்கிதழ்) நீராவி எப்போது உருளைக்குள் செல்லவேண்டும், எப்போது வெளியேறவேண்டும் என்பதைத் தீர்மானிக்கின்றது. இணைப்புத்தண்டு பிஸ்டனின் நேர்கோட்டு இயக்கத்தை வணரியின் சுழற்சியாக மாற்றுகின்றது. இவ்விரண்டும் தனித்தனி உறுப்புகள் எனினும், ஒன்றின் குறை மற்றொன்றின் வேலையைக் கெடுக்கும்.

ஊசலாடும் உருளை

மிக எளிய மாதிரிகளில் தனி வால்வும் இல்லை, தனி இணைப்புத்தண்டும் இல்லை. 1937 இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் தொடங்கப்பட்ட மாமோட் நிறுவனத்தின் விளையாட்டுப் பொறிகள் இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. பிஸ்டன் தண்டின் நுனி நேரடியாக வணரி முளையில் பொருத்தப்பட்டிருக்கும். வணரி சுழலும்போது உருளை முழுவதும் ஒரு சுழல்முளையைப் பற்றி இருபுறமும் ஊசல்போல் ஆடும். உருளையின் தட்டையான முகத்தில் ஒரு துளையும், அது உராயும் நிலையான தகட்டில் இரு துளைகளும் உள்ளன. உருளை ஒருபுறம் சாயும்போது அதன் துளை நீராவி வரும் துளையோடும், மறுபுறம் சாயும்போது கழிவுத் துளையோடும் பொருந்தும்.

துளைகளின் அளவைக் கணக்கிடுவது கடினமன்று. வணரியின் ஆரம் 10 மி.மீ., வணரி அச்சிலிருந்து சுழல்முளை வரையான தொலைவு 40 மி.மீ. எனக் கொண்டால், உருளை கூடியது ஏறத்தாழ 14.5 பாகை சாயும். சுழல்முளையிலிருந்து 12 மி.மீ. தொலைவில் உள்ள துளை, நடுநிலையிலிருந்து இருபுறமும் சுமார் 3 மி.மீ. நகரும். எனவே தகட்டின் துளைகள் நடுக்கோட்டிலிருந்து 3 மி.மீ. விலகியும், எல்லாத் துளைகளும் 3 மி.மீ. விட்டத்துக்குச் சற்றுக் குறைந்தும் இருக்கவேண்டும். துளையைப் பெரிதாக்கினால் வலு கூடும் என எண்ணுவது தவறு. நடுநிலையில் உருளைத் துளை இரண்டையும் ஒருங்கே தொட்டுவிட, நீராவி வேலை எதுவும் செய்யாமல் நேரே வெளியேறிவிடும்.

உருளையைத் தகட்டோடு அழுத்தும் சுருள்வில், அழுத்தம் மிகும்போது முகத்தைச் சற்று விலகவிடும். எனினும் இது கொதிகலனின் பாதுகாப்பு வால்வுக்கு மாற்றாகாது.

இவ்வமைப்பு விளையாட்டுப் பொருளுக்கு மட்டும் உரியதன்று. 1858 இல் நீரில் இறக்கப்பட்ட கிரேட் ஈஸ்டர்ன் கப்பலின் துடுப்புச் சக்கரங்களை நான்கு ஊசலாடும் உருளைகளே இயக்கின.

வழுக்கு வால்வு

ஸ்டூவர்ட் 10வி போன்ற, முக்கால் அங்குல உருளை கொண்ட மாதிரிகளில் வழுக்கு வால்வு பயன்படுகின்றது. உருளையின் பக்கத்தில் உள்ள நீராவிப் பேழையில், கவிழ்த்த கிண்ணம் போன்ற சிறு துண்டு மூன்று வாயில்களின் மேல் முன்பின்னாக வழுக்குகின்றது. ஓரங்களில் உள்ள இரண்டும் உருளையின் இரு முனைகளுக்குச் செல்வன. நடுவில் உள்ளது கழிவு வாயில். வால்வு ஒரு முனையைத் திறந்து நீராவியை விடும்போது, மறுமுனையின் பழைய நீராவி கிண்ணத்தின் உட்குழிவு வழியாகக் கழிவு வாயிலை அடையும்.

வால்வை அசைப்பது அச்சில் மையம் விலகிப் பொருத்தப்பட்ட வட்டு. அது வணரிக்கு 90 பாகைக்குச் சற்றுக் கூடுதலாக முந்தி நிற்கும். அந்தக் கூடுதல் கோணம், வால்வின் ஓரங்கள் வாயில்களைத் தாண்டிக் கவிந்திருக்கும் அளவைப் பொறுத்தது. இக்கவிவு இருப்பதாலேயே வீச்சு முடியுமுன் நீராவி நிறுத்தப்பட்டு, உள்ளே அடைபட்டது விரிந்து வேலை செய்கின்றது.

இணைப்புத்தண்டின் சாய்வு

வழுக்கு வால்வுப் பொறியில் பிஸ்டன் தண்டு குறுக்குத்தலையில் முடிகின்றது. அங்கிருந்து இணைப்புத்தண்டு வணரி முளைக்குச் செல்கின்றது. தண்டு சாய்வதால் தோன்றும் பக்க அழுத்தத்தை குறுக்குத்தலையின் வழிகாட்டிகள் தாங்கிக்கொள்கின்றன.

பலரும் கவனிக்காத விளைவு ஒன்று உண்டு. வணரி ஆரம் 10 மி.மீ., இணைப்புத்தண்டு 40 மி.மீ. எனில், வணரி முதற் கால்சுற்றைச் சுற்றும்போது பிஸ்டன் 10 மி.மீ. அன்று, 11.27 மி.மீ. நகரும், அடுத்த கால்சுற்றில் 8.73 மி.மீ. மட்டுமே. இதனால் இரு முனைகளிலும் நீராவி நிறுத்தப்படும் இடம் ஒன்றாக அமையாது. தண்டு குட்டையானால் வேறுபாடு கூடும். நீளமான தண்டு நல்லது, ஆனால் மாதிரியின் உயரமும் கூடிவிடும்.

வால்வைச் சரிசெய்தல்

பேழையின் மூடியைக் கழற்றி, வணரியை இரு கடைநிலைகளிலும் நிறுத்தி, வாயில் திறந்துள்ள அளவைப் பார்க்கவேண்டும். இரண்டும் சமமில்லை எனில் வால்வுத் தண்டின் நீளத்தை மாற்றவேண்டும். சமமாக இருந்து, இரண்டுமே மிகுதியாகவோ குறைவாகவோ இருப்பின் வட்டைத் திருப்பவேண்டும். முறையை மாற்றி முதலில் வட்டைத் திருப்பத் தொடங்கினால் பொழுது வீணாவதே மிச்சம்.

நீர் தேங்குதல்

அளவைப் பாதியாக்கினால் உருளையின் கொள்ளளவு எட்டில் ஒன்றாகும். பரப்போ நான்கில் ஒன்றாகவே குறையும். ஆகவே சிறிய உருளை விரைவில் குளிர்ந்து, நீராவி நீராகிவிடும். நீர் அமுங்காது. வழுக்கு வால்வு தன் முகத்தைவிட்டு எழும்பி அந்நீருக்கு வழிவிடும். பிஸ்டன் வடிவ வால்வு அவ்வாறு எழும்பாது. அடைபட்ட நீர் உருளை மூடியை உடைக்கவோ இணைப்புத்தண்டை வளைக்கவோ கூடும். இதனால் வடிகுழாய்களைத் திறந்துவைத்து, உருளை சூடேறும்வரை பறப்புச்சில்லைக் கையால் மெதுவாகச் சுற்றிய பின்னரே பொறியை ஓடவிடுவர்.