உங்களுக்குத் தெரியுமா? வல்லாரை கிரீம்

● ‘சிகா’ என்ற பெயரில் விற்கும் கொரிய கிரீம்களில் இருப்பது, நாம் துவையல் அரைக்கும் வல்லாரைதான். லேபிளில் ‘சென்டெல்லா ஏசியாட்டிகா’ என்று தேடுங்கள்.

● ஈரமான வரப்பில் தரையோடு படர்ந்து, கணுவுக்குக் கணு வேர்விடும் இந்தச் செடிக்குக் கொத்தமல்லி, சீரகம், கேரட் எல்லாம் பங்காளிகள். ஒரே தாவரக் குடும்பம்!

● வல்லாரையின் முக்கியச் சத்தான ஏசியாட்டிகோசைடு 1941-இல் பிரித்தெடுக்கப்பட்டது. மடகாஸ்கரில் தொழுநோய்ப் புண்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். அதன் கூட்டாளிகளான மெடகாசோசைடு, மெடகாசிக் அமிலம் ஆகியவை அந்தத் தீவின் பெயரைச் சுமப்பவை.

● இந்தச் சத்துகள் தோலின் உள்ளடுக்கில் கொலாஜன் உருவாவதைத் தூண்டுகின்றன. சிவந்து, காய்ந்து, எரியும் சருமத்துக்கு இதமளிக்கின்றன. நிறத்தை வெளுக்கும் என்றால் நம்பாதீர்கள். சன்ஸ்கிரீன் வேலையும் இது செய்யாது.

● லேபிளில் உள்ள சேர்மானப் பட்டியலில் வாசனைப் பொருளுக்கும் பின்னால் வல்லாரைச் சாறு ஒண்டிக்கொண்டிருந்தால், அது பெயருக்குச் சேர்த்ததாகவே இருக்கும். மெடகாசோசைடைத் தனியே சேர்த்திருந்தால் கணக்கு வேறு. அது சொற்ப அளவே போதும்.

● பூசுவதால் ஒவ்வாமை வருவது அபூர்வம். வரவே வராது என்றில்லை. சில சமயம் கிரீமில் உள்ள வாசனைப் பொருளோ பிரிசர்வேட்டிவோ வினையாகும். முழங்கை மடிப்பில் துளி தடவி இரண்டு நாள் பாருங்கள். அரிப்பு, தடிப்பு இல்லையென்றால் முகத்துக்குப் போகலாம்.

● பச்சை இலையை அரைத்துப் புண்ணில் அப்ப வேண்டாம். சாக்கடை ஓரத்திலும் செழிக்கும் செடி இது. கிருமியும் கூடவே வரும். ஆழமான காயம், கொப்புளம் கண்ட தீக்காயம் என்றால் நேரே டாக்டரிடம் போங்கள்.

● எடை குறைய வல்லாரை மாத்திரை சாப்பிட்ட மூன்று பெண்களுக்குக் கல்லீரல் அழற்சி வந்ததாக 2005-இல் அர்ஜென்டினா மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். நிறுத்தியதும் குணமானது. கிரீமுக்கும் துவையலுக்கும் இதை முடிச்சுப் போட வேண்டியதில்லை. ஆனால் மாத்திரையாக விழுங்குவதற்கு முன், குறிப்பாகக் கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும், மருத்துவரைக் கேட்டாக வேண்டும்.