மீன் தொட்டிக்கும் கீரைப் பாத்திக்கும் நடுவே

புதுச்சேரி தாவரவியல் பூங்காவுக்குப் போயிருக்கிறீர்களா? 1826இல் பிரெஞ்சுக்காரர்கள் போட்ட தோட்டம் அது. பெரோத்தே என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் கடல் கடந்த நாடுகளிலிருந்தும் செடிகளையும் மரங்களையும் வரவழைத்து அங்கே வளர்த்தார். மரங்களோடு ஒரு மீன் காட்சியகமும் அந்தப் பூங்காவில் உண்டு. மீனுக்குக் கண்ணாடித் தொட்டி, மரத்துக்கு மண். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் மீன் கழித்த தண்ணீரில் கீரை வளர்த்து, கீரை சுத்தம் செய்த தண்ணீரை மீண்டும் மீனுக்கே விடும் பண்ணைகள் இன்று உலகெங்கும் இருக்கின்றன. அந்த முறைக்கு அக்வாபோனிக்ஸ் என்று பெயர்.

வீட்டில் தங்கமீன் வளர்ப்பவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். தண்ணீரை மாற்றாமல் விட்டால் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், பிறகு செத்துப்போகும். ஏன்?

தீவனத்தில் இருக்கும் புரதத்தை மீன் முழுவதுமாகத் தன் உடம்பாக மாற்றிக்கொள்வதில்லை. ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 100 கிராம் தீவனத்தில் 32 கிராம் புரதம் இருக்கிறது என்று வையுங்கள். புரதத்தில் சுமார் 16 விழுக்காடு நைட்ரஜன். ஆக, 5 கிராம் நைட்ரஜன் மீனுக்குள் போகிறது. அதில் கால் பங்கோ, சற்றுக் கூடுதலோதான் மீனின் உடம்பில் தங்கும். மீதி தண்ணீருக்குத் திரும்பிவிடும். அதில் பெரும்பகுதி செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேறுகிறது. நாம் சிறுநீர் கழிப்பதுபோல மீன் இதைத் தனியாகச் செய்வதில்லை. மூச்சுவிடும் செவுளே கழிவை வெளியேற்றும் வழியாகவும் இருக்கிறது.

அந்த அம்மோனியா மீனுக்கு நஞ்சு. கொஞ்சம் சேர்ந்தாலே செவுள் எரியும். தண்ணீர் சூடாக இருந்தால் நஞ்சின் வேகம் இன்னும் கூடும். செடிக்கோ நைட்ரஜன்தான் தழைச்சத்து. உழவர்கள் யூரியா போடுவதே அதற்காகத்தான். அப்படியானால் மீன் தண்ணீரை நேராகச் செடியின் வேருக்கு விட்டுவிட்டால் போதுமா? போதாது. பெரும்பாலான காய்கறிச் செடிகள் நைட்ரஜனை நைட்ரேட் என்ற வடிவத்தில்தான் விரும்பி எடுத்துக்கொள்ளும். அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்ற நடுவில் ஒருவர் வேண்டும்.

அவர் யார் என்று கண்டுபிடித்தவர்கள் இரண்டு பிரெஞ்சு வேதியியலாளர்கள்: ஷ்லோசிங், மூன்ட்ஸ். ஆண்டு 1877. அப்போது புதுச்சேரியும் பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது. பாரிஸ் நகரத்துச் சாக்கடை நீரை மண் எப்படிச் சுத்தம் செய்கிறது என்பதுதான் அவர்கள் முன்னிருந்த கேள்வி. ஒரு மீட்டர் நீளக் கண்ணாடிக் குழாயை எடுத்தார்கள். மணலையும் சுண்ணாம்புக்கல் தூளையும் கலந்து அதை நிரப்பினார்கள். மேலிருந்து சாக்கடை நீரைச் சிறிது சிறிதாக விட்டார்கள். கீழே வடிந்த நீரில் அம்மோனியா அப்படியே இருந்தது. ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று, மாற்றமே இல்லை. சுமார் இருபது நாள் கழித்து அம்மோனியா குறையத் தொடங்கியது, நைட்ரேட் வந்தது.

இந்த இருபது நாளில்தான் விஷயம் இருக்கிறது. மணலும் சுண்ணாம்பும் வேதிவினையால் இதைச் செய்திருந்தால் முதல் நாளே செய்திருக்க வேண்டும். காத்திருந்து, பெருகி, பிறகு வேலை செய்வது உயிர் உள்ள ஒன்றாகத்தான் இருக்க முடியும். அதைச் சோதிக்கக் குழாய்க்குள் குளோரோபார்ம் ஆவியைச் செலுத்தினார்கள். மருத்துவர்கள் அந்தக் காலத்தில் அறுவை சிகிச்சைக்கு மயக்கம் கொடுக்கப் பயன்படுத்திய அதே மருந்துதான். நைட்ரேட் வருவது நின்றுவிட்டது. ஆவியை வெளியேற்றிய பிறகும் வேலை தானாகத் தொடங்கவில்லை. கொஞ்சம் தோட்ட மண்ணைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினார்கள். சில நாளில் மறுபடியும் நைட்ரேட் வந்தது. மண்ணோடு நுண்ணுயிர்கள் குழாய்க்குள் குடியேறிவிட்டன. எவ்வளவு எளிய கருவி, எவ்வளவு தெளிவான பதில்! அறிவியல் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த சோதனைகளில் இது ஒன்று.

1890 வாக்கில் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர், இந்த வேலையை இரண்டு வகை பாக்டீரியாக்கள் பங்கு போட்டுச் செய்கின்றன என்று காட்டினார். முதல் வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும். இரண்டாம் வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். நடுவில் வரும் நைட்ரைட்டும் ஆபத்தானதுதான். அது மீனின் இரத்தத்தில் புகுந்துவிட்டால் இரத்தம் பழுப்பு நிறமாகி, ஆக்சிஜனைச் சுமக்கும் சக்தியை இழக்கும். தண்ணீரில் காற்று நிறைய இருந்தும் மீன் மூச்சுத் திணறும். அதனால்தான் புதுத் தொட்டியில் ஒரே நாளில் நிறைய மீன்களை விடக்கூடாது என்கிறார்கள். இரண்டு வகை பாக்டீரியாவும் குடியேறிப் பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் வரை ஆகும்.

நம் ஊர் உழவர்கள் பாக்டீரியாவின் பெயர் தெரியாமலே அதன் பயனை அறிந்திருந்தார்கள். கோடையில் ஏரி வற்றியதும் வண்டலை அள்ளி வண்டி வண்டியாக வயலில் கொட்டுவது பழைய வழக்கம். மீனும் நத்தையும் நாரையும் கழித்ததெல்லாம் மக்கி அந்த வண்டலில்தான் கிடக்கும். அக்வாபோனிக்ஸ் அந்த வேலையை ஆண்டுக்கு ஒரு முறை செய்யாமல் நாள் முழுவதும் செய்கிறது. தொட்டி நீரை ஒரு சிறு மோட்டார் இழுத்துச் சரளைக்கல் நிரப்பிய பாத்திக்கு அனுப்பும். கல்லின் மேல் பாக்டீரியா வழவழப்பான படலமாக ஒட்டியிருக்கும். அங்கே நைட்ரேட் உருவாகி வேருக்குப் போகும். தெளிந்த நீர் தொட்டிக்கே திரும்பும். பெரிய பண்ணைகளில் சரளைக்குப் பதில் மிதவை அட்டையில் துளை போட்டுச் செடியை நட்டு, வேரை நீரில் தொங்கவிடுவார்கள். அங்கே மீனின் மலத்தை முதலில் வடிகட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் வேரில் படிந்து அழுகிவிடும்.

இந்த மிதவை முறையை வியாபார அளவுக்கு வளர்த்த இடம் கரீபியன் கடலில் உள்ள செயின்ட் குரோய் தீவு. அங்குள்ள வர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ரகோசி என்ற விஞ்ஞானி 1980 வாக்கில் தொடங்கிப் பல ஆண்டுகள் இதையே ஆராய்ந்தார். 7,800 லிட்டர் கொள்ளும் நான்கு மீன் தொட்டிகள், 214 சதுர மீட்டர் செடிப் பரப்பு. ஆறு வாரத்துக்கு ஒரு தொட்டியில் மீன் பிடிப்பார்கள். மொத்தத் தண்ணீர் 110 கன மீட்டர். அதில் நாளொன்றுக்குப் புதிதாகச் சேர்த்தது சுமார் 1.5 விழுக்காடுதான்.

அந்தத் தீவைப் பற்றி விரிவாகச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. புதுச்சேரியைப் போலவே அதுவும் ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தது. 1733இல் டென்மார்க்குக்கு விற்றுவிட்டார்கள். அங்கும் வெயில், அங்கும் கடற்கரை, அங்கும் நல்ல தண்ணீருக்குத் தட்டுப்பாடு, அங்கும் புயல். ரகோசியின் தொட்டிகள் கண்ணாடிக் கூடத்துக்குள் இல்லை, திறந்தவெளியில் இருந்தன.

பசுமைக்குடில் என்றதும் ஹாலந்து நாட்டுக் கண்ணாடி மாளிகைகள் நினைவுக்கு வரும். அவை குளிர் நாட்டில் வெப்பத்தைப் பிடித்து வைப்பதற்காகக் கட்டியவை. வெயில் உள்ளே நுழையும், சூடான காற்று வெளியேற முடியாது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரில் பிளாஸ்டிக் குடில்களுக்குள் ரோஜா நன்றாக வளர்கிறது. அதே குடிலை மே மாதப் புதுச்சேரியில் நான்கு பக்கமும் மூடி வைத்தால் செடி வெந்துவிடும். ஈரத் தடுக்கு வழியே விசிறி வைத்துக் காற்றை இழுத்துக் குளிர்விக்கும் முறை ஒன்று உண்டு. அதுவும் கடற்கரையில் அவ்வளவாகப் பலிக்காது. புழுக்கமான நாளில் நம் வியர்வை காயாமல் உடம்பிலேயே நிற்கிறதே, அதே காரணம்தான். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கும்போது தண்ணீர் எளிதில் ஆவியாகாது. ஆவியாகாவிட்டால் குளிர்ச்சியும் இல்லை.

ஆகவே நம் ஊருக்கு ஏற்றது நிழல்வலைக் குடில். பாதி வெயிலைத் தடுக்கும் பச்சை வலை, பக்கங்கள் திறந்து காற்று ஓட வேண்டும், மழைக் காலத்துக்கு மட்டும் மேலே ஒரு பிளாஸ்டிக் கூரை. கூரை ஏன்? 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. திறந்த தொட்டியாக இருந்தால் மீன் தெருவுக்கு வந்துவிடும். ஆனால் புயல் காற்று கூரையையே தூக்கிவிடும். அதனால் எச்சரிக்கை வந்ததும் கூரையையும் வலையையும் கழற்றி மடித்து வைத்துவிட்டு, தொட்டியை மட்டும் மூடும்படி கட்டுவதுதான் கெட்டிக்காரத்தனம்.

எந்தச் செடி? வெளிநாட்டுப் பண்ணைகளில் பெரும்பாலும் லெட்டூஸ்தான். சூடான நீரில் அதன் வேர் திணறும். நமக்குத் தண்டுக்கீரை, புதினா, வள்ளைக்கீரை போதும். வள்ளைக்கீரை குளத்திலேயே படர்கிற கொடி. அதற்கு இந்த வாழ்க்கை புதிதே இல்லை.

எந்த மீன்? உலகெங்கும் திலேப்பியாவை வளர்க்கிறார்கள். நம் பக்கம் அதன் ஒரு வகையை ஜிலேபி மீன் என்போம். 1952இல் வெளியிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். குளத்தில் தப்பிவிட்டால் வேகமாகப் பெருகி உள்ளூர் மீன்களை நெருக்கிவிடும். அதனால் இங்கே திலேப்பியாப் பண்ணை வைக்க அரசின் அனுமதி வேண்டும். இந்தக் கட்டுப்பாடு மிகவும் சரி என்பேன். வீட்டுச் சோதனைக்குத் தங்கமீனே போதும்.

எத்தனை மீனுக்கு எத்தனை செடி? ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் 2014இல் வெளியிட்ட கையேட்டில், ஒரு சதுர மீட்டர் கீரைக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் தீவனம் என்று கணக்குச் சொல்கிறார்கள். 4 சதுர மீட்டர் பாத்திக்கு 200 கிராம். வளர்ந்த மீன் தன் எடையில் 1 முதல் 2 விழுக்காடு தின்னும். 2 விழுக்காடு என்று வைத்தால் 10 கிலோ மீன் வேண்டும். அரைக் கிலோ மீன்களாக எத்தனை என்று நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கு 500 லிட்டர் தொட்டி வேண்டும்.

மின்வெட்டுதான் இந்த முறையின் பெரிய எதிரி. 20 டிகிரி நீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். நம் ஊர் நீரில் இருப்பே குறைவு. காற்று மோட்டார் நின்றால் மீன்கள் நிறைந்த தொட்டியில் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. மாற்று மின்சாரம் இல்லாமல் பண்ணை தொடங்கக் கூடாது.

நீங்கள் ஒரு சின்னத் தொட்டியில் செய்து பார்க்க விரும்பினால், குழாய்த் தண்ணீரை அகலமான பாத்திரத்தில் ஊற்றி ஒரு நாள் திறந்து வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். குளோரின் பாக்டீரியாவைக் கொல்லும். இரண்டே தங்கமீன்கள், காற்றடிக்கும் சிறு மோட்டார், சரளை நிரப்பிய துளைத் தொட்டியில் புதினாக் குச்சி. ஒரு குவளை தொட்டி நீரைக் காலையும் மாலையும் சரளையில் ஊற்றி வடியவிடுங்கள். முதல் மாதம் தீவனத்தை மிகக் குறைவாகப் போடுங்கள், வாரம் இருமுறை கொஞ்சம் நீரை மாற்றுங்கள். இலை மஞ்சளானால் எந்த இலை என்று பாருங்கள். கீழே உள்ள பழைய இலை மஞ்சளானால் தழைச்சத்து போதவில்லை, பாக்டீரியா இன்னும் பெருகவில்லை என்று பொருள். நுனியில் உள்ள புது இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு. மீன் தீவனத்தில் செடிக்குத் தேவையான அளவு இரும்பு இருப்பதில்லை, அதைத் தனியாகத்தான் சேர்க்க வேண்டும்.