வானிலிருந்து தென்னை நோயை அறிதல்

தென்னைக்கு நேரும் பிணிகளுள் வேர்வாடல் நோய் நெடுங்காலமாகக் குடியானவர்களை வருத்தி வருவதாகும். 1882-ஆம் வருஷத்துப் பெருவெள்ளத்திற்குப்பின், திருவாங்கூர் சமஸ்தானத்து ஈராற்றுப்பேட்டைப் பக்கத்தில் இது முதன்முதல் காணப்பட்டது. இந்நோய் மரத்தை உடனே கொல்வதில்லை. மட்டையிலுள்ள சிற்றோலைகள் விறைப்பிழந்து விலா எலும்பைப்போல் உள்வளையும், அடிமட்டைகள் மஞ்சளிக்கும், ஓலை ஓரங்கள் கருகும், நாளடைவில் காய்ப்புக் குன்றிவிடும். 1984-85-ல் எடுத்த கணக்கின்படி, கேரளத்தில் இதனால் ஏற்பட்ட நஷ்டம் வருஷமொன்றுக்குச் சுமார் 97 கோடி காய்களாகும்.

பைட்டோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரே இந்நோய்க்குக் காரணம். சாறு உறிஞ்சும் பூச்சிகள் அதனை மரத்திற்கு மரம் கொண்டுசெல்கின்றன. நோய்கொண்ட மரத்தைக் குணமாக்கும் மருந்து கிடையாது. ஆகவே, நோய் எவ்வெத்தோப்பில் உளது, எத்திசையில் பரவுகிறது என்பதைக் காலத்தில் அறிவதே முதற்காப்பாகும். ஆனால் இலட்சக்கணக்கான மரங்களை ஒவ்வொன்றாக அண்ணாந்து பார்த்துக் கணக்கிடுவது எளிதன்று.

இவ்விடர்ப்பாட்டிற்கு வழி தேடியவர் டாக்டர் பி. ஆர். பிஷாரடி. 1909-ல் கொல்லங்கோட்டில் பிறந்த இவர், சென்னை லயோலா கல்லூரியில் பௌதிகம் கற்பித்தவர், சர் சி. வி. ராமனிடம் ஆராய்ச்சி பழகியவர். பின்னர் வானிலை இலாகாவில் பணிபுரிந்து, 1962-ல் பூனாவில் ஏற்பட்ட வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிலையத்தின் முதல் டைரக்டராக விளங்கியவர். 1970-ல் கேரளத் தென்னந்தோப்புகளின்மேல் ஹெலிகாப்டரைச் செலுத்தி, அகச்சிவப்பு ஒளியைப் பதியும் விசேஷப் படச்சுருளால் தோப்புகளைப் படமெடுக்கச் செய்தார். இந்தியாவில் தொலையுணர்தல் என்னும் கலை இம்முயற்சியினின்றே தொடங்கியதாகக் கொள்ளப்படுகிறது.

இதன் தத்துவம் எளியது. பச்சிலை, சூரிய ஒளியிலுள்ள சிவப்பை உட்கொண்டு உணவு சமைக்கிறது. கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பையோ, இலையின் உள்ளறைகள் பெரும்பாலும் திருப்பி எறிந்துவிடுகின்றன. இலை நலிந்து உள்ளமைப்புக் கெடும்போது, அவ்வாறு திரும்பும் ஒளி குறைகிறது. அப்படச்சுருளில் அகச்சிவப்பு, சிவப்பு நிறமாகத் தோன்றும். ஆகையால் நல்ல மரத்தின் கொண்டை செக்கச் செவேலென்றும், நலிந்த மரத்தின் கொண்டை வெளிறியும் காணப்படும். கீழே நிற்பவனுக்குப் பச்சையாகவே தோன்றும் வேறுபாடு, மேலிருந்து பார்க்கும்போது நிற வேறுபாடாக விளங்குகிறது.

இக்கலை பின்னர் வான்வெளிக்கும் ஏறியது. 1988-ஆம் வருஷம் மார்ச்சு 17-ந் தேதி ஐ.ஆர்.எஸ்.-1ஏ என்னும் இந்தியச் செயற்கைக்கோள் செலுத்தப்பட்டது. அது 904 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றி, 22 நாட்களுக்கு ஒருமுறை ஒரே நிலத்தை மீண்டும் படம் பிடித்தது. பயிர்ப் பரப்பு, வறட்சி, ஏரிகளின் நீர்ப்பரப்பு முதலியவற்றை மதிப்பிட இத்தகைய படங்கள் பெரிதும் உதவுகின்றன.

எனினும், வானத்துக் கண்ணுக்கும் எல்லை உண்டு. இன்று பலரும் பயன்படுத்தும் செயற்கைக்கோள் படங்களில் ஒரு புள்ளி 10 மீட்டர், அதாவது 33 அடிச் சதுரத்தைக் குறிக்கும். 25 அடி இடைவெளியில் நட்ட தோப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட மரங்கள் அப்புள்ளியில் அடங்கிவிடும். மேலும், வெளிறிய நிறம் நலிவை மட்டுமே கூறும். அந்நலிவு நோயாலா, நீரின்மையாலா, உரக்குறைவாலா என்று கூறாது. படத்தில் ஐயம் தோன்றிய இடத்திற்கு நேரிற் சென்று மரத்தைப் பார்த்து முடிவு செய்வது இன்றியமையாதது.

ஆதலால் கிராம அதிகாரிகள் தென்னைப் பரப்பைச் சர்வே நம்பர்வாரியாகப் பிழையின்றி அடங்கலில் பதிவு செய்தல் வேண்டும். பதிவு தவறாயின் படமும் பயன்படாது. தோப்புடையோர் சிற்றோலை உள்வளைவதைக் கண்டவுடன் விவசாய அலுவலருக்கு அறிவித்தல் நலம். நோய் புதிதாகத் தலைகாட்டும் எல்லைப் பகுதிகளில் நோயுற்ற மரங்கள் அனைத்தையும் அகற்றவேண்டும். நோய் மிகுந்த பகுதிகளில், வருஷத்திற்குப் பத்துக் காய்க்குக் குறைவாகக் காய்க்கும் மரங்களை நீக்கி, எஞ்சியவற்றிற்குத் தழையுரமும் நீரும் குறைவின்றி அளித்து வரலாம். மறுநடவிற்குக் கல்பரக்ஷா, கல்பஸ்ரீ போன்ற நோய் தாங்கும் வகைகள் உகந்தவை. அண்டைத் தோப்பின் நோய் தன் தோப்பிற்கும் வரும் என்பதை உணர்ந்து யாவரும் ஒத்துழைப்பின், வானிலிருந்து பெறும் செய்தி நிலத்தில் பலன் தரும்.