வீடியோ இல்லாத நூறு

கோடைக்கானல் சூரிய ஆய்வகத்தில், 1904 முதல் சூரியனைப் படமெடுத்து வைத்த கண்ணாடித் தட்டுகள் இருக்கின்றன. ஊர்க்காரர்கள் 'அப்சர்வேட்டரி' என்று சொல்லும் அந்த வளாகம், பழனி மலையின் மேல் சுமார் 2,340 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கிலாந்தின் கிரீனிச் ஆய்வகத்தில் படமெடுக்க முடியாமல் போன நாட்களுக்கு, இங்கிருந்து போன படங்களையும் வைத்துத்தான் சூரியப் புள்ளிக் கணக்கை நிரப்பினார்கள்.

கேமரா வருவதற்கு முன்பு? கைச்சித்திரங்கள்தான். 1612இல் கலிலியோ இத்தாலியில் சூரியப் புள்ளிகளை நாள்தோறும் வரைந்தார். அதே காலத்தில் ஜெர்மனியில் ஷைனர் என்ற பாதிரியாரும் வரைந்தார். இருவருக்கும் ஆகாது. அவை சூரியனைச் சுற்றிவரும் சிறு கோள்கள் என்றார் ஷைனர். சூரியனின் மேலேயே இருப்பவை என்றார் கலிலியோ. ஆனால் புள்ளிகள் தெரிந்தன என்பதில் இருவருக்கும் தகராறு இல்லை. எதிராளியே ஒப்புக்கொண்ட செய்தி என்பதால் அந்தச் சாட்சிக்கு வலு அதிகம்.

விளையாட்டு உலகில் அடிக்கடி கிளறப்படும் ஒரு சந்தேகத்தையும் இதே முறையில் அலசிப் பார்க்கலாம்.

1962 மார்ச் 2. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஹெர்ஷி என்ற சிறிய ஊர். ஃபிலடெல்ஃபியா வாரியர்ஸ் கூடைப்பந்து அணிக்காக வில்ட் சேம்பர்லின் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் எடுத்தார். இன்றுவரை யாரும் எட்டாத என்.பி.ஏ. சாதனை அது. ஆனால் ஆட்டம் டி.வி.யில் வரவில்லை, வீடியோவும் கிடையாது. எதையும் செல்போனில் பார்த்தே நம்பிப் பழகிய தலைமுறை, "உண்மையிலேயே நடந்ததா?" என்று கேட்கிறது. கேட்பதில் தவறில்லை.

ஊரறிந்த ஆதாரம் ஒரு புகைப்படம். '100' என்று எழுதிய தாளைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார் சேம்பர்லின். அதை மட்டும் வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. தாளில் எண்ணை எழுதியவர் ஹார்வி போலக், வாரியர்ஸ் அணியின் விளம்பர அதிகாரி.

ஸ்கோர்ஷீட்டுக்குத்தான் கனம் அதிகம். நான்கு கால்பகுதிகளில் 23, 18, 28, 31 என்று புள்ளிகள் ஏறுகின்றன. இரண்டு புள்ளிக் கூடைகள் 36, ஒரு புள்ளி ஃப்ரீ த்ரோக்கள் 28. கூட்டினால் சரியாக நூறு. கடைசிக் கால்பகுதியின் வானொலி வர்ணனை ஒலிப்பதிவாக இன்றும் இருக்கிறது. அரங்கில் இருந்தவர்கள் 4,124 பேர்.

ஃப்ரீ த்ரோவில்தான் பலருக்கு உறுத்தல். வாழ்நாள் முழுவதும் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தவறவிட்டவர், அன்று மட்டும் 32 வாய்ப்புகளில் 28ஐப் போட்டது எப்படி? அந்தப் பருவத்தில் அவர் பந்தைக் கீழிருந்து இரண்டு கையாலும் தூக்கிப் போட்டார்; வழக்கத்தைவிட நன்றாகவும் போட்டார். அந்தப் பருவம் முழுவதும் அவருடைய சராசரியே ஆட்டத்துக்கு 50.4 புள்ளிகள். மூன்று மாதங்களுக்கு முன்பு கூடுதல் நேரத்துக்குப் போன ஓர் ஆட்டத்தில் 78 எடுத்திருந்தார். திடீரென்று முளைத்த நூறு அல்ல இது.

எதிரணியான நியூயார்க் நிக்ஸ் சொன்னது இன்னும் முக்கியம். 147க்கு 169 என்று தோற்ற அவர்கள் கடைசிவரை பொருமினார்கள். நூறு வரவேண்டும் என்பதற்காகவே வாரியர்ஸ் அணியினர் ஆட்டத்தைக் கேலிக்கூத்தாக்கினார்கள், வேண்டுமென்றே ஃபவுல் செய்து பந்தை வாங்கினார்கள் என்பது அவர்கள் புகார். நூறு வந்த விதத்தைத்தான் குறை சொன்னார்கள், எண்ணிக்கையை அல்ல. ஷைனரும் கலிலியோவும் நின்ற அதே இடம்.

நமக்கும் இப்படி ஒன்று உண்டு. 1983 ஜூன் 18, இங்கிலாந்தின் டன்பிரிட்ஜ் வெல்ஸ். ஜிம்பாப்வேக்கு எதிரான உலகக் கோப்பை ஆட்டத்தில் தொடக்க ஆட்டக்காரர்கள் கவாஸ்கரும் நம்ம சென்னை ஸ்ரீகாந்தும் ரன் எடுக்காமலே வெளியேற, இந்தியா 17 ரன்னுக்கு 5 விக்கெட். அங்கிருந்து கபில்தேவ் 138 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 175. ஒன்பதாவது விக்கெட்டுக்கு கிர்மானியோடு பிரியாமல் 126. டி.வி. கேமரா அன்று மைதானத்தில் இல்லை.

அந்த 175ஐ யாரும் மறுப்பதில்லை. ஸ்கோர்கார்டு இருக்கிறது, புகைப்படங்கள் இருக்கின்றன, 31 ரன்னில் தோற்ற ஜிம்பாப்வே வீரர்களும் சாட்சி. கபிலுக்குத் தரும் நம்பிக்கையைச் சேம்பர்லினுக்கு மறுக்க நியாயம் இல்லை. எண்ணிக்கை பொய் என்று சொல்பவர், அன்றைக்கே எழுதப்பட்ட வேறொரு கணக்கைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். வீடியோ இல்லாததால் நாம் உண்மையில் இழந்தது வேறு: அந்த 16 பவுண்டரிகளும் 6 சிக்ஸர்களும் எந்தப் பந்துக்கு எந்தப் பக்கம் பறந்தன என்ற காட்சி. 2021இல் வந்த '83' படம் அதை நடித்துத்தான் காட்ட வேண்டியிருந்தது.