தாய்வழியும் அடிமைநிலையும்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் ஆகிய ஊர்களில் ஒருவரது குடி எதுவென வினவினால், தாயின் குடியையே கூறுவர். வீடும் பெரும்பாலும் மகளுக்கே சீதனமாகச் சேரும். இவ்வழக்கை அறிந்த நமக்கு, இலங்கையில் அடிமைமுறை ஒழிக்கப்பட்ட விதத்தை விளங்கிக்கொள்ளுதல் எளிது. அடிமைநிலையும் தாய்வழியாகவே தொடர்ந்தது. அடிமைப் பெண்ணின் பிள்ளை, தந்தை யாராயினும், அடிமையே.

பிரதம நீதியரசர் சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டனின் தூண்டுதலால், 1816 ஆகஸ்ட் 12 முதல் பிறக்கும் பிள்ளைகளை விடுவிக்க வீட்டடிமை உடைமையாளர் பலர் இசைந்தனர். யாழ்ப்பாணத்துக் கோவியர், நளவர், பள்ளர் ஆகியோரின் நிலை வேறு. அவர்தம் பெண் குழந்தைகளின் விடுதலையை அரசே விலைகொடுத்து வாங்க 1821ஆம் ஆண்டுச் சட்டம் வகைசெய்தது. பெண் குழந்தைகளை மட்டும் தெரிந்தமை கருணையன்று, கணக்கு: பெண் விடுபட்டால் அவள் வழிவரும் தலைமுறை தானே விடுபடும், செலவும் குறையும். 1833ஆம் ஆண்டுப் பிரித்தானிய அடிமை ஒழிப்புச் சட்டமோ இலங்கையை விலக்கியே வைத்தது. 1844இலேயே அடிமைநிலை இங்கு சட்டப்படி முற்றாக நீங்கியது.

அச்சட்டம் எவருக்கும் காணி வழங்கவில்லை. கீழ்க்கரையிலே போடியார் மகளுக்கு வயலும் வளவும் சீதனமாக வந்தன. விடுதலைபெற்ற தாயொருத்தி தன் மகளுக்கு எதனைக் கொடுத்திருப்பாள்? சீர்திருத்த வரலாற்றை எழுதுவோர் ஆளுநர்களின் கட்டளைகளோடு நின்றுவிடாது, பழைய சீதன உறுதிகளையும் புரட்டிப் பார்த்தல் வேண்டும் என்பது எமது கருத்து.