விண் பூட்டிய பட்டங்கள்

கொழும்புக் காலிமுகத்திடலின் கடலோர நடைபாதையை 1856 இல் தொடக்கி 1859 இல் முடிப்பித்த தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட், நகரத்துப் பெண்களினதும் குழந்தைகளினதும் நலத்தின்பொருட்டு அதனைப் பேணிவருமாறு தமக்குப் பின்வருவோரை வேண்டிக் கல்லிலே பொறித்து வைத்தார். அவ்வேண்டுகோளுக்கு இன்று பெருமளவில் மதிப்பளித்து வருபவர்கள் அங்கே பட்டம் விடுகிறவர்களே எனலாம். வெள்ளவத்தையில் தண்டவாளமும் கடலும் ஒன்றையொன்று நெருக்கிக் கிடக்க, கொட்டாஞ்சேனையில் மாடிகளும் மின்கம்பிகளும் ஆகாயத்தை மறித்து நிற்க, அவ்விடங்களில் வாழும் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் அத்திடலே கதி. தென்மேல் பருவக்காற்று கடலிலிருந்து நேரே கரையேறும் மாதங்களில், பாம்பு வடிவிலும் கணவாய் வடிவிலும் வியாபாரிகள் விற்கும் நைலோன் பட்டங்கள் வர்ணத்திற் குறைவின்றிப் பறக்கின்றன. ஆயினும் அவை ஊமைப் பட்டங்கள்.

யாழ்ப்பாணத்துப் பட்டத்தின் ஜீவன் விண் எனும் கருவியிலே இருக்கிறது. வில்லாக வளைத்த சிலாகையின் இரு நுனிகளுக்கிடையே மெல்லிய நாடாவை இறுகக் கட்டிப் பட்டத்திலே பூட்டிவிட்டால், காற்று அதனை அதிரச் செய்ய, பட்டம் உயரத்திலிருந்து கூவத் தொடங்கும். வடகீழ் பருவக்காற்று வீசும் மார்கழி, தை மாதங்களில் கொக்குப் பட்டத்தையும் எட்டுமூலைப் பட்டத்தையும் ஏற்றி, கயிற்றை மரத்திலே கட்டிவிட்டு உறங்கப் போவார்கள். விண்கூவலோ விடியும்வரை ஓயாது. பட்டத்தைக் கயிற்றோடு பிணைக்கும் முச்சையைக் கட்டுவதில் விரற்கடை பிசகினால் எத்தனை அழகிய பட்டமும் தலைகுத்தி விழும் என்பதால், பழகிய கைக்கு ஊரிலே தனி மதிப்பு உண்டு. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நடைபெறும் போட்டியிலே, கப்பலும் விமானமும் பறவையுமாக முப்பரிமாண உருவங்கள் மேலெழுவதைக் காணக் குடாநாடே திரள்கிறது.

இவ்வித்தை மறையாதிருக்க வழி என்ன? பட்டங்களைச் சேகரித்துக் காக்கும் காட்சிச்சாலைகள் உலகில் இல்லாமலில்லை. குஜராத்தின் அகமதாபாத்திலும், 1984 முதல் சர்வதேசப் பட்டவிழா நடத்திவரும் சீனாவின் வெய்பாங்கிலும், அமெரிக்காவின் லோங் பீச்சிலும் அவை உள. ஜப்பானின் சிரோனே இன்னும் விசித்திரமானது: ஆற்றின் இரு கரைகளிலிருந்தும் பிரமாண்டமான பட்டங்களை ஏற்றி, கயிறுகள் பின்னிக்கொள்ள இழுத்து அறுப்பது அங்கே பரம்பரை உற்சவம், அதே ஊரில் பட்டங்களைப் பாதுகாக்கும் காட்சிச்சாலையும் உண்டு. ஆண்டுதோறும் அழிப்பதனால் ஆண்டுதோறும் கட்டவேண்டியிருக்கிறது. கட்டுவதனாலே வித்தை மறவாதிருக்கிறது. கண்ணாடிப் பெட்டியைவிட இவ்வழியே சிறந்த பாதுகாப்பு என்பது என் அபிப்பிராயம்.

பெட்டிக்குள் வைத்த விண் கூவாது. ஆகவே யாழ்ப்பாணப் பட்டமொன்றை எவரேனும் கொழும்பிலே சேகரித்து வைக்க முனைவாராயின், அதனோடு சிலாகைகளின் நீளத்தையும், முச்சை பிடித்த இடங்களையும், நாடா எதனாற் செய்யப்பட்டது என்பதையும் குறித்துவைத்து, காற்றில் அது எழுப்பிய ஒலியையும் பதிவு செய்தல் வேண்டும். வெள்ளவத்தை மாடிவீடுகளில் இருக்கும் வடபகுதி முதியவர்களிற் பலருக்கு இவ்விவரங்கள் இன்னும் கைப்பாடம்.